தாகம் வரும்வரை காத்திருக்கலாமா? லிட்டில் இந்தியா வெயிலில் தண்ணீரின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சிராங்கூன் சாலையில் நடப்பவர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். பத்துப் பேரில் பலரின் கையில் ஏதோ ஒரு பானம் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் கட்டிய தே, டின்னில் குளிர்பானம், ரோஸ் சிரப் கலந்த பாண்டுங், கரும்புச் சாறு. வெறும் தண்ணீர் வைத்திருப்பவர் குறைவு. தேக்கா நிலையத்தில் சாப்பிட உட்காருபவர்களும் முதலில் கேட்பது தே அல்லது கோப்பிதான்.

வெயில் நாட்டில் வாழும் தமிழருக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு குடிப்பது, எப்போது குடிப்பது, எது தண்ணீர்க் கணக்கில் சேரும், யாருக்கு அது ஆபத்து என்ற கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் வரும் பதில்களும் மருத்துவம் சொல்லும் பதில்களும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவர், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர், புடவைக் கடையில் நாள் முழுதும் நிற்பவர், பாலம் கடந்து வேலைக்கு வருபவர், வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டி என ஒவ்வொருவருக்கும் கணக்கு வேறு.

உடலுக்குள் தண்ணீர் என்ன செய்கிறது?

வளர்ந்த ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு தண்ணீர். பெண்களுக்கு இது சற்றுக் குறைவு. ரத்தம் ஓடுவதற்கும், உணவு செரிப்பதற்கும், மூட்டுகள் உராயாமல் அசைவதற்கும், கழிவு வெளியேறுவதற்கும் தண்ணீர் வேண்டும்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீர் மட்டுமே. உடலில் தண்ணீர் குறையும்போது மூளை வாசோப்பிரெசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது சிறுநீரகத்திடம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கச் சொல்கிறது. அதனால்தான் தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் சிறுநீர் குறைந்து, அடர் மஞ்சளாகப் போகிறது. தாக உணர்வும் இதே ஏற்பாட்டின் ஒரு பகுதிதான்.

உடல் எடையில் 2 விழுக்காடு அளவு தண்ணீர் இழந்தாலே களைப்பும் தலைவலியும் தொடங்கலாம், கவனம் சிதறலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 லிட்டர். வெயிலில் கடுமையாக உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். அப்படிப் பார்த்தால், காலை 10 மணி தேநீர் இடைவேளைக்கு முன்பே ஒரு தொழிலாளி அந்த அளவைத் தாண்டிவிட முடியும். சாரக்கட்டின் மேல் நிற்பவருக்கும் கனரக வாகனம் ஓட்டுபவருக்கும் கவனம் சிதறுவது என்பது சிறு விஷயம் அல்ல.

'எட்டுக் குவளை' எங்கிருந்து வந்தது?

ஒரு நாளைக்கு எட்டுக் குவளை தண்ணீர் என்பது எல்லாரும் சொல்லும் கணக்கு. அதன் வேரைத் தேடிப் போனால் 1945இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் வெளியிட்ட ஒரு பரிந்துரை கிடைக்கிறது. உண்ணும் ஒவ்வொரு கலோரிக்கும் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் என்பது அதன் கணக்கு. ஒரு நாளைக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது 2 லிட்டர் ஆகிறது. ஆனால் அந்த அளவில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் அதே பரிந்துரை சொல்லியிருந்தது. காலப்போக்கில் முதல் பாதி ஊர் ஊராகப் பரவியது. இரண்டாம் பாதி மறைந்துபோனது. அமெரிக்கச் சிறுநீரக ஆய்வாளர் ஹைன்ஸ் வால்டின் 2002இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஆரோக்கியமான எல்லாருக்கும் எட்டுக் குவளை கட்டாயம் என்பதற்கு அறிவியல் சான்று கிடைக்கவில்லை என்பது அவர் கண்ட முடிவு.

இன்று மருத்துவ அமைப்புகள் தரும் அளவுகள் வேறு விதமானவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஆண்களுக்கு 2.5 லிட்டர், பெண்களுக்கு 2 லிட்டர் என்றது. கருவுற்ற பெண்களுக்கு மேலும் 300 மில்லிலிட்டர், பாலூட்டும் தாய்மாருக்கு மேலும் 700 மில்லிலிட்டர் என்றும் சேர்த்தது. 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு 1.6 லிட்டர். இவை எல்லாம் குடிப்பதும் உண்பதும் சேர்ந்த மொத்த அளவுகள். இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்தே கிடைத்துவிடும். சோறு, ரசம், சாம்பார், மோர், கஞ்சி, தர்ப்பூசணி, வெள்ளரி எல்லாமே தண்ணீரைக் கொண்டு வருபவைதான்.

இந்த அளவுகள் மிதமான வெப்பநிலையில், மிதமாக உழைப்பவருக்கானவை. குளிர்சாதன அறையில் கணினி முன் அமர்பவருக்கு இவை போதுமானவை. துவாஸ் கப்பல் பட்டறையில் நிற்பவருக்கும் ஜொகூர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கும் இவை தொடக்கம் மட்டுமே.

வியர்வை காயாத ஊர்

சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவானது. 40 ஆண்டுகள் கழித்து 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் மீண்டும் எட்டப்பட்டது. 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் வேலூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருபவருக்கு 37 பெரிதாகத் தெரியாது. ஆனால் உடலுக்கு இந்த ஊர் வெயில் கடினமானது. காரணம், காற்றில் உள்ள ஈரம்.

வியர்வை வருவதால் உடல் குளிர்வதில்லை. வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் சட்டையை நனைத்துச் சொட்டுகிறது. தண்ணீர் வீணாகிறது, உடல் சூடு குறைவதில்லை. அதைக் கண்டு உடல் இன்னும் வியர்க்கிறது.

அதனால்தான் சிங்கப்பூரில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், ஈரப்பதம், காற்று, நேரடி வெயில் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்த அளவு பயன்படுத்தப்படுகிறது. 2023 ஜூலையில் வந்த பொதுமக்களுக்கான வெப்ப அழுத்த ஆலோசனை, இந்த அளவு 31 டிகிரிக்குக் கீழ் இருந்தால் குறைவு, 31 முதல் 33க்குக் கீழ் வரை மிதம், 33ம் அதற்கு மேலும் அதிகம் என மூன்றாகப் பிரிக்கிறது. 'மைஇஎன்வி' செயலியில் யாரும் இதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். இது சாதாரண வெப்பமானி காட்டும் அளவு அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். இந்த அளவில் 33 என்பது உண்மையிலேயே கடுமையான வெயில்.

உழைப்பவரின் உரிமை

2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு வெளிப்புற ஊழியர்களுக்கான வெப்பப் பாதுகாப்பு விதிகளை வலுப்படுத்தியது. அதில் தண்ணீருக்கு முக்கிய இடம் உண்டு. வெளிப்புறத்தில் உழைப்பவர் குறைந்தது ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க முதலாளி வழிசெய்ய வேண்டும். குளிர்ந்த குடிநீர் வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். வெப்ப அழுத்த அளவு 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்புச் செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். 33 டிகிரியை எட்டினால் அது 15 நிமிடம் ஆகும். புதிதாக வந்த ஊழியரையும் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பியவரையும் முதல் நாளே முழு வெயிலில் நிறுத்தாமல் படிப்படியாகப் பழக்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் உண்டு.

புதிதாக வந்தவரைப் பற்றிய இந்த விதி முக்கியமானது. வெயிலுக்குப் பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கி, வியர்வையில் உப்பைக் குறைவாக இழக்கிறது. இந்தப் பழக்கம் வர ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். கிராமத்தில் வயல் வேலை பார்த்தவர் என்பதற்காக, விமானத்தில் இறங்கிய மறுநாளே அவர் உடல் இந்த ஈர வெயிலுக்குத் தயாராக இருக்கும் என்று நினைப்பது தவறு.

ஒரே தடவையில் ஒரு லிட்டரைக் குடிப்பதைவிடச் சிறுகச் சிறுகக் குடிப்பது நல்லது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிலையம் வெயிலில் உழைப்பவருக்குத் தரும் ஆலோசனை, 15 முதல் 20 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது 240 மில்லிலிட்டர் அளவு. அதே நேரம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது என்றும் அது எச்சரிக்கிறது.

சிங்கப்பூரில் தேசிய சேவை செய்தவர்களுக்கு 'வாட்டர் பரேட்' மறக்காது. பயிற்சிக்கு முன் அனைவரும் வரிசையில் நின்று, உத்தரவு கேட்டுத் தண்ணீர் குடித்துக் காட்ட வேண்டும். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் அதன் பின்னால் உள்ள அறிவு சரியானது. வெயிலில் ஓடுபவர் தாகம் தெரியும்போது குடிக்கலாம் என்று விட்டால், இழந்ததில் ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்வார். அதனால் உழைப்புத் தொடங்கும் முன்பே தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும்.

தோட்டத்து அனுபவம் இதற்கு ஒத்துப்போகிறது. ரப்பர் மரம் சீவுபவர்கள் விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் பாலெடுத்துத் திரும்பிவிடுவார்கள். செம்பனைக்கு அந்த வசதி இல்லை. நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டுவதும், அதைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதும் வெயில் நேரத்து வேலை. தே ஓ நிரப்பிய ஒரு போத்தல் மட்டும் போதாது. அதோடு தண்ணீர்ப் போத்தலும் கூடவே போக வேண்டும்.

சிறுநீரகத்துக்கு எது உண்மை?

தண்ணீரின் பயன்களில் மிக உறுதியாக நிரூபிக்கப்பட்டது சிறுநீரகக் கல் தொடர்பானது. இத்தாலியில் முதல்முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1996இல் வெளியானது. நாள் ஒன்றுக்கு 2 லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 12 விழுக்காட்டினருக்குக் கல் மீண்டும் வந்தது. வழக்கம்போல் குடித்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கு வந்தது. பாதிக்கும் மேல் குறைவு. மருந்துச் செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது, பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று. அடிக்கடி இந்தத் தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களிடம் பல்கேரியாவில் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. நாளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. மற்றவர்களுக்கு 3.2 முறை.

மூன்றாவது, வெயிலில் ஆண்டுக் கணக்கில் உழைப்பவர்களின் சிறுநீரகம். எல் சால்வடோர், நிகராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளம் தொழிலாளர்களின் சிறுநீரகம் செயலிழப்பதை மருத்துவர்கள் கண்டனர். தொடர்ந்து வெப்பத்தில் உழைத்து உடல் நீரை இழப்பது முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்களும் வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை ஆய்ந்துள்ளனர்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்திருந்தால், அதிகமாகத் தண்ணீர் குடித்து அதைச் சரிசெய்ய முடியாது. கனடாவில் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் 631 பேரிடம் நடந்த ஆய்வில், கூடுதல் தண்ணீர் குடித்தவர்களின் சிறுநீரகச் செயல்பாடு மற்றவர்களைவிட மெதுவாகக் குறையவில்லை. தண்ணீர் தடுப்பதற்கு உதவும். கெட்டதைக் கழுவி எடுக்கும் மருந்து அல்ல.

தே, கோப்பி, குளிர்பானம்: எது சேரும்?

தேநீரும் காப்பியும் உடலை வறளச் செய்யும் என்பது பழைய நம்பிக்கை. அளவோடு குடிப்பவர்களுக்கு அது சரியல்ல. பிரிட்டனில் காப்பி குடிக்கும் பழக்கமுள்ள 50 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், ஒரு நாளைக்கு நான்கு கோப்பை காப்பி குடித்தபோதும், அதே அளவு தண்ணீர் குடித்தபோதும் உடலின் நீர்ச்சத்தில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. ஆகவே தே, கோப்பி தண்ணீர்க் கணக்கில் சேரும்.

சிக்கல் அதில் கலக்கும் சர்க்கரையில்தான். 2010ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கருத்தாய்வில், சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் அது 9.7 விழுக்காடு. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நீரிழிவே காரணம். சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்ததற்கு இதுவே பின்னணி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சர்க்கரை உள்ள பானத்தை 250 மில்லிலிட்டர் குடித்தால் 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி சர்க்கரை. ஒரு நாளில் மூன்று முறை என்றால் 15 தேக்கரண்டி. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராம் அளவில் வைத்தால் கூடுதல் நன்மை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தாகத்தைத் தீர்க்கச் சர்க்கரைத் தண்ணீரை நம்புபவர் மதியத்திற்குள் அதைத் தாண்டிவிடுகிறார்.

கடையில் வாங்கும்போது பொட்டலத்தின் முன்பக்கத்தைப் பார்க்கலாம். 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் அடைக்கப்பட்ட பானங்களுக்கு ஏ முதல் டி வரை 'நியூட்ரி-கிரேட்' தர முத்திரை உண்டு. ஏ என்றால் சர்க்கரை மிகக் குறைவு. டி என்றால் மிக அதிகம். சி, டி தரப் பானங்கள் இந்த முத்திரையைக் கட்டாயம் தாங்க வேண்டும். டி தரப் பானங்களுக்கு விளம்பரம் செய்யத் தடை உண்டு. கடையிலேயே கலந்து தரும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் 30 முதல் இந்த ஏற்பாடு விரிந்தது. சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. மலேசியாவிலும் சர்க்கரை மிகுந்த பானங்களுக்கு 2019 ஜூலை முதல் வரி விதிக்கப்படுகிறது.

கோப்பிக் கடையில் இரண்டு சொற்களைப் பழக்கிக்கொண்டால் போதும். 'சியூ தாய்' என்றால் இனிப்புக் குறைவாக. 'கோசோங்' என்றால் சர்க்கரை இல்லாமல். 'தே ஓ கோசோங்' பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் தேநீர். தே கேட்கும் போதே ஒரு குவளை வெறும் தண்ணீரும் சேர்த்துக் கேட்பது அதைவிடச் சிறந்த பழக்கம்.

மது இந்தக் கணக்கில் சேராது. அது வாசோப்பிரெசின் சுரப்பதைத் தடுத்து, சிறுநீரை அதிகமாக வெளியேற்றுகிறது. நாள் முழுதும் வெயிலில் நின்றவர் மாலையில் பியரால் தாகம் தீர்த்தால் மறுநாள் வேலையைத் தண்ணீர்க் கடனோடு தொடங்குகிறார்.

குழாயைத் திறந்து குடிக்கலாமா?

தமிழ்நாட்டிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ சிங்கப்பூருக்கு வருபவர்களில் பலர் குழாய்நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கிறார்கள், அல்லது போத்தல் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார்கள். ஊரில் அந்தப் பழக்கம் தேவையானது. சிங்கப்பூரில் தேவையில்லை. இங்குள்ள குழாய்நீர் உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர்த் தர வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டது. நேரடியாகக் குடிக்கலாம்.

இந்த வசதி எளிதில் வந்ததல்ல. 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை, வறட்சியால் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு இருந்தது. குழாய் மணிக்கணக்கில் வராது. வாளி, பீப்பாய் எல்லாம் நிரப்பி வைத்த அந்த மாதங்கள் மூத்தவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். இன்று மழைநீர்ப் பிடிப்பு, ஜொகூரிலிருந்து 1962 ஒப்பந்தப்படி வரும் நீர், 2003இல் அறிமுகமான புதுநீர், 2005இல் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு என நான்கு வழிகளில் தண்ணீர் கிடைக்கிறது. ஜொகூர் ஒப்பந்தம் 2061 வரை செல்லும்.

காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒரு நல்ல போத்தல் மட்டும்தான். அதைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாய் வைத்துக் குடித்த தண்ணீரை மறுநாளுக்கு வைத்திருக்கக் கூடாது.

தண்ணீர்ப் பந்தல் மரபு

வழியில் போகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பதைத் தமிழர் தருமமாகக் கருதியவர்கள். திங்களூரில் அப்பூதியடிகள், தாம் நேரில் காணாத திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த மரபு லிட்டில் இந்தியாவில் ஒவ்வொரு தைப்பூசத்திலும் கண்முன் தெரிகிறது. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் பக்தர்கள் காலணியின்றி நடக்கிறார்கள். பால்குடம் ஏந்துபவர், காவடி எடுப்பவர், துணைக்கு நடப்பவர், பிள்ளைகளைத் தூக்கி வருபவர் எல்லாருக்கும் வழியில் பந்தல்களில் தண்ணீரும் மோரும் கிடைக்கும்.

காவடி சுமப்பவர் நாள்கணக்கில் விரதம் இருந்து, தூக்கம் குறைந்து, பாரத்தோடு நடக்கிறார். அவர் முந்தைய நாளிலிருந்தே போதிய தண்ணீர் குடித்திருப்பது நல்லது. உடன் வருபவர்களில் ஒருவர் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பை ஏற்றால் மறதி இருக்காது. மோரில் சிட்டிகை உப்புப் போடும் நம் வழக்கம், வியர்வையில் போன உப்பையும் ஈடுசெய்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாண்டுங்கைவிட மோர் நல்லது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்ப்பவர்கள்

தண்ணீர் கையில் இருந்தும் குடிக்காதவர்கள் பலர். அதன் காரணம் தாகம் இல்லாதது அல்ல, கழிப்பறை இல்லாதது. ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் கிளம்பி மோட்டார் சைக்கிளிலோ பேருந்திலோ பாலம் கடப்பவர்கள், நெரிசலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அஞ்சிக் காலையில் தண்ணீரைத் தொடுவதில்லை. கடையில் தனியாக நிற்கும் பெண்கள், கடையை விட்டுப் போக முடியாது என்று தவிர்க்கிறார்கள். துப்புரவு ஊழியரும் டாக்சி, பேருந்து ஓட்டுநரும் இதே நிலையில்தான்.

முழுவதும் தவிர்ப்பதைவிட நேரத்தை மாற்றுவது நல்லது. எழுந்தவுடன் ஒரு குவளை குடித்தால், கிளம்புவதற்குள் பெரும்பாலும் கழிப்பறைக்குப் போய்விட்டு வரலாம். பாலம் கடந்ததும் அடுத்த குவளை. சிறுநீரை அடக்கி வைப்பதும் தண்ணீர் குறைவும் சேரும்போதுதான் தொற்று எளிதில் வருகிறது. ஆகவே ஊழியருக்குத் தண்ணீர் கொடுக்கும் முதலாளி, கழிப்பறைக்குப் போகும் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்தத் தண்ணீர் உள்ளே போகும்.

வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு இன்னொரு சிக்கல். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடுகிறது. உடல் வறண்டாலும் அவர்களுக்குத் தெரியாது. இரவில் எழ வேண்டும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். பாட்டி திடீரெனக் குழம்பிப் பேசினால், எழும்போது தள்ளாடினால், வீட்டார் கவனிக்க வேண்டியவற்றில் தண்ணீர்க் குறைவும் ஒன்று. தாகமா என்று கேட்காமல், மருந்து நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் பகலிலேயே குவளையை நீட்டிவிடுவது நல்லது. மாலைக்குப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

அதிகமானால் என்ன?

தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் நல்லது என்பது சரியல்ல. குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தாகக் குறையும். 2002ஆம் ஆண்டு போஸ்டன் நெடுந்தூர ஓட்டத்தில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்கு உப்பு அளவு குறைந்திருந்தது. ஓடும்போது அதிகமாகக் குடித்து எடை கூடியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நீண்ட நேரம் வியர்த்து உழைப்பவர் தண்ணீரோடு சாப்பாடும் சாப்பிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இதய பலவீனம் உள்ளவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும், சில வகைக் கல்லீரல் நோயாளிகளும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. இக்கட்டுரை போன்ற பொது ஆலோசனைகள் அவர்களுக்குப் பொருந்தாது. விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு குவளை என்று அவர்களை வற்புறுத்துவது அன்பல்ல.

காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தால் எல்லா நோயும் தீரும், சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிக்காது, குளிர்ந்த நீர் கொழுப்பை உறைய வைக்கும் என்று வரும் செய்திகளுக்கு நம்பத்தக்க சான்று இல்லை. எடை விஷயத்தில் சிறு உண்மை உண்டு. அமெரிக்காவில் 55 வயதுக்கு மேற்பட்ட 48 பேரிடம் நடந்த ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு ஒவ்வொரு வேளைக்கும் முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்கள் 12 வாரத்தில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாகக் குறைந்தார்கள். வயிறு நிறைவதால் சாப்பாடு குறைவதே காரணம்.

தினமும் பார்க்க வேண்டியவை

சிறுநீரின் நிறமே எளிய அளவுகோல். வெளிர் மஞ்சள் என்றால் போதுமான தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தேநீர் நிறத்தை நெருங்கினால் உடனே குடிக்க வேண்டும். சத்து மாத்திரைகளும் சில மருந்துகளும் நிறத்தை மாற்றும் என்பதையும் மனதில் கொள்ளலாம்.

வெயிலில் உழைப்பவர் தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் வந்தால் வேலையை நிறுத்தி நிழலுக்குப் போய், சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் குடிக்க வேண்டும். உடன் வேலை செய்பவர் உளறினாலோ, நடை தடுமாறினாலோ, உடல் கொதித்து மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு, உயிருக்கு ஆபத்து. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழைத்துவிட்டு, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் குளிர்ந்த துணியோ ஐஸோ வைக்கலாம். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

மற்ற நாள்களில் செய்ய வேண்டியது குறைவுதான். எழுந்ததும் ஒரு குவளை, ஒவ்வொரு வேளை உணவோடும் ஒன்று, இடையில் சில முறை, வெயிலுக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் ஒன்று. தே குடிக்கும் இடத்தில் பாதி நாள் கோசோங். பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோன போத்தல் மாலையில் காலியாக வந்ததா என்று பார்ப்பது. வெயிலில் நிற்கும் ஊழியர் தண்ணீர் குடிக்கப் போனால், மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பது.